பயணத்தன்று உடம்பு சரியில்லை என்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சிங்கப்பூர், துபாய், தோஹா என்று போகிறவர்களும், அங்கே விமானம் மாறி இன்னும் தூரம் போகிறவர்களும், அங்கிருந்து ஊருக்கு வருகிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் பொதுவானவை. உங்கள் உடம்பைத் தெரிந்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

விடிகாலை 4 மணிக்கு ஃப்ளைட். முந்தின நாள் சாயங்காலம் காய்ச்சல் 101 காட்டுகிறது. கிளம்பலாமா?

காய்ச்சல் மட்டும்தானா, கூட வேறு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு சர்வதேச சுகாதார விதிகளில் இதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் (ஃபாரன்ஹீட்டில் 100.4) காய்ச்சல், அதோடு பார்த்தாலே தெரிகிற சோர்வு, விடாத இருமல், மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி, நிற்காத பேதி, தோலில் தடிப்பு, அடிபடாமலே ரத்தக்கட்டு அல்லது ரத்தக்கசிவு, புதிதாக வந்த மனக்குழப்பம் இவற்றில் ஏதாவது ஒன்று. இப்படி ஒரு பயணி விமானத்தில் இருந்தால் இறங்கும் ஊரின் சுகாதார அதிகாரிகளுக்கு விமானத் தரப்பிலிருந்து தகவல் போக வேண்டும். விமானிக்காக எழுதிய பட்டியல்தான், ஆனால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கிற நமக்கும் அது நன்றாகவே உதவும். அதில் நீங்கள் வந்தால் கிளம்ப வேண்டாம்.

மூக்கு ஒழுகுகிறது, தொண்டை கரகரக்கிறது, உடம்பு லேசாகச் சுடுகிறது, ஆனால் நடக்கிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், சிறுநீர் ஒழுங்காகப் போகிறது என்றால் பெரும்பாலும் போகலாம். மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கள். விமானத்தின் ஹெப்பா ஃபில்டர் மிக நுண்ணிய துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் இருமுவது அந்த ஃபில்டரை எட்டுவதற்கு முன்பே பக்கத்து சீட்டுக்காரரை எட்டிவிடும்.

முடிவை வீட்டிலேயே எடுங்கள் என்பதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது. டாக்ஸி ஏறிவிட்டால் 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று மனசு சொல்லும். பெட்டி உள்ளே போய், இமிகிரேஷன் முத்திரையும் விழுந்த பிறகு திரும்ப வேண்டுமென்றால் முத்திரையை ரத்து செய்ய வேண்டும், பெட்டியை விமானத்திலிருந்து இறக்க வேண்டும். காய்ச்சலோடு அதற்காகக் காத்து நிற்பது தனித் தொல்லை. கதவு மூடிய பிறகு உங்கள் கையில் ஒன்றும் இல்லை. அதனால் வீட்டைவிட்டுக் கிளம்ப ஆறேழு மணி நேரம் இருக்கும்போதே ஒரு கெடு வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் உடம்பு எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

மூன்று நாளாகக் காய்ச்சல். இன்றைக்குக் குறைந்துவிட்டது, நாளைக்குப் பயணம். இப்போது பயமில்லைதானே?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் இருந்து கிளம்புகிறவர்கள் இந்தப் பதிலை மட்டுமாவது படியுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில், சூடு குறையும்போது, சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். நோயாளியோ 'காய்ச்சல் விட்டுடுச்சு' என்று நிம்மதியாகப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். அந்த நாளில் நான்கு மணி நேரமோ பத்து மணி நேரமோ விமானத்தில் மாட்டிக்கொள்வதைப் போல மோசமான யோசனை வேறு இல்லை.

கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசாத்தியச் சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, இதில் எது இருந்தாலும் போக வேண்டிய இடம் மருத்துவமனை. எதுவும் இல்லாவிட்டாலும், மூன்று நாள் காய்ச்சல் அடித்திருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து பிளேட்லெட்டையும், ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் ஹெமட்டோகிரிட்டையும் மருத்துவரிடம் காட்டிய பிறகே பயணத்தைப் பற்றிப் பேசுங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

டெங்கு சந்தேகம் இருக்கும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். புரூஃபென், காம்பிஃப்ளாம், வோவெரான், ஆஸ்பிரின் எதுவும் தொடக் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். ஏற்கெனவே இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் நிறுத்துவதா வேண்டாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வெறும் சளிதான். ஆனால் விமானம் இறங்கும்போது காது உயிர் போகிற மாதிரி வலிக்கிறதே?

விமானத்துக்குள் இருக்கிற காற்றழுத்தம் தரைமட்ட அழுத்தம் இல்லை. சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருக்கிற அளவுக்கு வைத்திருப்பார்கள். கோடைக்கானலுக்கும் அதற்குக் கொஞ்சம் மேலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது நடுக்காதில் இருக்கிற காற்று விரிந்து, காதையும் தொண்டையையும் இணைக்கிற குழாய் வழியாகத் தானே வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று அதே வழியில் உள்ளே போக வேண்டும். சளியில் அந்தக் குழாய் வீங்கி அடைத்திருந்தால் வழி இல்லை. செவிப்பறை உள்ளே இழுபடும், வலிக்கும்.

ஓட்ரிவின் போன்ற சைலோமெட்டாசோலின் ஸ்ப்ரேயை இறங்குவதற்கு அரைமணி நேரம் முன்னால் மூக்கில் அடித்துக்கொள்ளுங்கள். பிபி அல்லது இதயப் பிரச்சினை உள்ளவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். தரையில் இறங்குவதற்குச் சுமார் அரைமணி நேரம் முன்னாலேயே விமானம் தாழ ஆரம்பித்துவிடும், அப்போது தூங்கக் கூடாது. தூக்கத்தில் நாம் எச்சில் விழுங்குவது குறைவு, குழாய் திறக்க வாய்ப்பும் குறைவு. மிட்டாய் சப்புங்கள், கொட்டாவி விடுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெதுவாக ஊதலாம். பலமாக ஊத வேண்டாம். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள்.

காதில் சீழ் வடிகிறது, சைனஸ் பகுதியில் குத்துவலி என்றால் ஸ்ப்ரேயை நம்பி ஏற வேண்டாம். காது மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாந்தி பேதி. காலையிலிருந்து ஏழெட்டு தடவை போயாச்சு. ராத்திரி ஃப்ளைட்.

கல்யாணச் சாப்பாடு, வழியனுப்பு விருந்து என்று ஊரிலிருந்து கிளம்புகிற நாளில் இது சகஜம். ரத்தம் கலந்து போவது, காய்ச்சலோடு பேதி, குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி, எழுந்தால் கண் இருட்டுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராதது, இதில் எது இருந்தாலும் பயணம் வேண்டாம்.

அப்படி இல்லையென்றால் முதல் வேலை நீர் ஏற்றுவது. எலக்ட்ரால் மாதிரி ஓஆர்எஸ் பாக்கெட்டில் பெரியது ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதைப் பாதி டம்ளரில் கலக்கிக் குடிப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள், அது உப்பை அதிகமாக்கி நிலைமையைக் கெடுக்கும். பாக்கெட்டில் எழுதிய அளவுக்கே கலக்குங்கள். கடை மூடியிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள், அதனால் கலக்கிய பாட்டில் போகாது. பொடியாகவே கையில் வைத்து, உள்ளே போன பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கலந்துகொள்ளுங்கள்.

லோபராமைட் மாத்திரை பேதியை நிறுத்தி வைக்கும், பயணத்துக்கு வசதிதான். ஆனால் காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் போடக் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. வாந்திக்கு ஆண்டன்செட்ரான் மருத்துவர் எழுதித் தந்தால் கிளம்புவதற்கு முன் போட்டுக்கொள்ளலாம். சாப்பாடு இட்லி, கஞ்சி, தயிர் சாதம் அளவோடு இருக்கட்டும். மேலே போனால் வயிற்றிலுள்ள வாயு ஏறத்தாழ 30 சதவீதம் விரியும். சுண்டல், சோடா எல்லாம் வேறு நாளைக்கு.

செக்-இன் செய்யும்போதே கழிவறைக்குப் பக்கத்தில், நடைபாதை ஓர சீட் கேளுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பேரைத் திரும்பத் திரும்ப எழுப்புவது எல்லோருக்குமே சங்கடம். கையைச் சோப்பு போட்டே கழுவுங்கள். வாந்தி பேதி பரப்புகிற நோரோ வைரஸுக்குச் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது.

மருந்துகளை எப்படி எடுத்துப் போவது? எல்லா நாட்டிலும் விடுவார்களா?

விடமாட்டார்கள். நம் ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பது இன்னொரு நாட்டில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, பிரிகாபலின் போன்றவற்றைக் கொண்டுபோக அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் முன்அனுமதி வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் எரிச்சலுக்காக எழுதித் தருகிற மாத்திரைகளில் பிரிகாபலின் அடிக்கடி இருக்கும், அதனால் அப்பா அம்மாவின் மருந்துப் பையை ஒருமுறை பாருங்கள். ஜப்பானில் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்குத் தடை. சிங்கப்பூரிலும் சில வகைத் தூக்க மாத்திரைகள், வலி மருந்துகளுக்கு முன்அனுமதி கேட்பார்கள். (மருந்து இல்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: குருமாவுக்கென்று கசகசாவைத் துபாய்க்குக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.)

மாத்திரைகளை அட்டையோடு வைத்திருங்கள். உதிர்த்து டப்பாவில் போட்டால் எது என்னவென்று யாருக்கும் தெரியாது. மருந்தின் பிராண்டு பெயரோடு மூலப்பெயரும் எழுதிய சீட்டு ஒன்று வேண்டும். நம் டோலோ 650, கால்பால் எல்லாம் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் பனடால் என்ற பெயரில் விற்கிற அதே பாராசிட்டமால்தான். இது தெரியாமல் டோலோவும் பனடாலும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு.

இன்சுலினைப் பெட்டியில் போடக் கூடாது, சரக்கு அறையில் உறைந்துபோனால் வீண். கைப்பையில் வையுங்கள், மருந்துச் சீட்டு இருந்தால் சோதனையில் தடையில்லை. பாதரச தெர்மாமீட்டர் கைப்பையில் போகாது, டிஜிட்டல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் எழுதாத சூரணம், லேகியப் பொட்டலங்களை எடுத்துப்போக வேண்டாம் என்பேன். வீட்டில் அரைத்தது என்று சுங்க அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு டோலோ போட்டால் சூடு குறைந்துவிடும். யாரிடமும் சொல்லாமல் போய்விடலாமே?

நிறையப் பேர் செய்கிறார்கள். மாத்திரையின் பலம் நாலு முதல் ஆறு மணி நேரம். சென்னையில் வாசலில் ஏமாற்றிய சூடு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது திரும்பி வரும். சிங்கப்பூர் போகிறவர்கள் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்புகிற வருகை அட்டையில் உடல்நல அறிவிப்பும் சேர்ந்தே இருக்கிறது. பொய் எழுதினால் அது சட்டப் பிரச்சினை.

பார்ப்பதற்கே முடியாதவராகத் தெரிந்தால் விமான நிறுவனம் ஏற்ற மறுக்கலாம், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. அண்மையில் மருத்துவமனையில் இருந்தவர்கள், ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர்கள், நாள்பட்ட நோய் திடீரென்று கூடியவர்கள் 'மெடிஃப்' என்ற மருத்துவத் தகவல் படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி வாங்கி நிறுவனத்துக்கு முன்பே அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு, பயணம் செய்யத் தகுதியானவர் என்று தேதி போட்ட ஒரு மருத்துவர் கடிதம் பெரும்பாலும் போதும்.

ஆபரேஷன், மாவுக்கட்டு, அம்மை, கர்ப்பம்?

சுருக்கமாக: பெரிய வயிறு அல்லது மார்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பொதுவாக 10 நாள். முழு மாவுக்கட்டு போட்டு 48 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், உள்ளே வீக்கம் வரும். விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால் அது கரைகிறவரை விமானமே கூடாது, பார்வையே போகலாம். சின்னம்மை என்றால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டிய பிறகு. ஒற்றைக் கர்ப்பத்துக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 36 வாரம் வரை ஏற்றுகின்றன, 28 வாரத்துக்கு மேல் மருத்துவர் கடிதம் கேட்பார்கள்.

பயணத்தைத் தள்ளிப்போட்டால் டிக்கெட் பணம் அவ்வளவுதானா?

எவ்வளவு திரும்பும் என்பது டிக்கெட்டின் வகையைப் பொறுத்தது. ஆனால் ஒன்று நிச்சயம்: புறப்படுவதற்கு முன் ரத்து செய்வதோ தேதி மாற்றுவதோ, சொல்லாமல் போகாமல் இருப்பதைவிட எப்போதும் மேல். முதல் விமானத்தில் ஏறாவிட்டால் அதே டிக்கெட்டில் உள்ள அடுத்த விமானங்களும், திரும்பி வருகிற டிக்கெட்டும்கூட ரத்தாகிவிடும். 'துபாய்க்கு வேறு டிக்கெட்டில் போய் அங்கிருந்து லண்டன் விமானத்தைப் பிடித்துக்கொள்கிறேன்' என்கிற கணக்கு செல்லாது. பணம் திரும்பாத சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், அதில் உள்ள அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரக விதி. கேட்டு வாங்குங்கள், தானாக வராது.

பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அன்றைய தேதியில் மருத்துவர் எழுதிய சீட்டு அவசியம். இரண்டு நாள் கழித்து வாங்குகிற கடிதத்துக்கு மதிப்பு குறைவு. ஏற்கெனவே இருந்த நோயைப் பல பாலிசிகள் சேர்ப்பதில்லை, வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

நடுவானில் முடியாமல் போனால்?

பணியாளர்களிடம் உடனே சொல்லுங்கள். நம்மவர்களுக்கு இதில் ஏனோ கூச்சம். 'தொந்தரவு கொடுக்க வேண்டாம்' என்று கழிவறைக்குத் தனியே எழுந்துபோய் அங்கே மயங்கி விழுகிறவர்கள் உண்டு. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் 600 விமானங்களுக்கு ஒன்றில் மருத்துவ அவசரம் ஏற்பட்டது தெரிந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மயக்கம் அல்லது மயக்கம் வரப்போகிற நிலை. அந்த அவசரங்களில் ஏறத்தாழ பாதியில் பயணிகளிடையே ஒரு மருத்துவர் இருந்து உதவியிருக்கிறார். ஆக, சொன்னால் உதவி கிடைக்கிற வாய்ப்பு நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஆக்ஸிஜன், மருத்துவப் பெட்டி எல்லாம் விமானத்தில் உண்டு.

தலை சுற்றினால் எழ வேண்டாம். சீட்டைச் சாய்த்து, முடிந்தால் காலை உயர்த்திப் படுங்கள். காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும், காய்ச்சல்காரர் இன்னும் வேகமாக வறண்டுபோவார். தண்ணீர் கேட்டுக்கொண்டே இருங்கள். இலவசம் என்று மது வாங்கி, அதன் மேல் தூக்க மாத்திரையும் போடுகிற வேலை வேண்டாம்.

விமானம் மாறுகிற ஊரில் உடம்பு மோசமானால்?

சாங்கி, துபாய், தோஹா மூன்று விமான நிலையங்களிலும் மருத்துவ வசதி உண்டு. சாங்கியில் ட்ரான்சிட் பகுதியிலேயே கிளினிக் இருப்பதால் இமிகிரேஷன் தாண்ட வேண்டியதில்லை. கட்டணம் நம் ஊர்க் கணக்குப்படி அதிகமாகத் தெரியும். ரசீதைக் காப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த விமானத்தில் ஏற முடியாது என்றால் மாறுதல் கவுண்டரில் கதவு மூடுவதற்கு முன்பே சொல்லுங்கள். வெளியே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமானால் விசா விஷயத்தையும் அவர்கள் மூலமாகத்தான் பார்க்க முடியும். நிலையத்துக்கு வெளியே என்றால் ஆம்புலன்ஸ் எண்: சிங்கப்பூரில் 995, அமீரகத்தில் 998, கத்தாரிலும் மலேசியாவிலும் 999, இலங்கையில் 1990.

அம்மா தனியாக வருகிறார். சுகர், பிபி இரண்டும் உண்டு. வழியில் முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்?

சக்கர நாற்காலி உதவியை இரண்டு நாள் முன்னாலேயே பதிவு செய்யுங்கள். நடக்க முடிகிறவருக்கும் கேட்கலாம். ஆங்கிலம் தெரியாத அம்மாவை விமானம் மாறுகிற ஊரில் கைபிடித்து அழைத்துப்போக ஒருவர் கிடைப்பதுதான் அதில் பெரிய லாபம். நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை, இரண்டு ஊரிலும் உள்ள உறவினர் எண்கள், இதை ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். செல்போனில் இருந்தால் போதாது, சார்ஜ் தீர்ந்துவிடும்.

வாந்தியோ பேதியோ வந்து சாப்பிட முடியாத நாளில் சுகர் மாத்திரையை வழக்கம்போலப் போடலாமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். உடம்பு வறண்டிருக்கும்போது மெட்ஃபார்மின், டப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றை நிறுத்தி வைக்கச் சொல்வது வழக்கம். இன்சுலின் வேறு கதை. சாப்பிடவில்லை என்பதற்காக அதை அடியோடு நிறுத்திவிடக் கூடாது, அளவைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். கைப்பையில் பிஸ்கட்டும் நாலு சாக்லேட்டும் இருக்கட்டும். 'ஃப்ளைட்ல ஒண்ணும் சாப்பிட மாட்டேன்' என்று விரதம் இருக்கிற அம்மாக்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

போய்ச் சேர்ந்தாச்சு. நாலு நாள் கழித்துக் காய்ச்சல். பயண அலுப்பா?

அலுப்புக்குக் காய்ச்சல் வராது. மருத்துவரிடம் போய், எந்த நாட்டிலிருந்து எந்தத் தேதியில் வந்தீர்கள், வழியில் எங்கே தங்கினீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். லண்டனில் இருக்கிற மருத்துவருக்கு டெங்கு முதலில் நினைவுக்கு வராமல் போகலாம். கொசு கடித்த பிறகு டெங்கு வெளிப்பட 4 முதல் 10 நாள் ஆகும், ஊரில் கடித்தது அங்கே போய்க் காட்டும். ஆப்பிரிக்க நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு மலேரியா பரிசோதனை அன்றைக்கே நடக்க வேண்டும். திரும்பி மூன்று மாதத்துக்குள் வருகிற எந்தக் காய்ச்சலுக்கும் இது பொருந்தும், தடுப்பு மாத்திரை சாப்பிட்டிருந்தாலும்கூட.